அவனை விரும்புங்கள், சாட்சிகளை விரட்டாதீர்கள்

வில்லனிடம் மனதைப் பறிகொடுத்த ரசிகர்களுக்கு,

வணக்கம். உங்கள் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல பிள்ளையாக வந்து நிற்கும் இரண்டாம் நாயகன் வாயைத் திறந்தாலே காட்சியைத் தள்ளி ஓட்டுகிற ஆள் நான். மூன்று கொலை செய்துவிட்டு வந்து நாயகியிடம் திமிராகப் பேசுகிறவன் திரையில் நுழைந்தால் நிமிர்ந்து உட்காருவேன். அதனால் வில்லனை ரசிப்பதே பாவம் என்று பாடம் நடத்த யாரோ கிளம்பிவிட்டார்கள் என நினைத்து இதை மூடிவிடாதீர்கள். கற்பனையில் ஒருவனைப் பிடித்துப்போவதற்கு யாரிடமும் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

என் சண்டை வேறு. அவன் திருந்திவிட்டானா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை நாம் எப்போதும் நாயகி ஒருத்தியிடமே கொடுத்துவிடுகிறோம். அவள் மன்னித்தாள், முத்தம் கொடுத்தாள், சரி, எல்லாம் முடிந்தது. அவனால் அம்மாவை இழந்தவன், அவனிடம் சிக்கித் தப்பித்த சின்னப் பெண், அவன் பொழுதுபோக்குக்காகக் கடித்துப்போட்ட தோழி, இவர்களிடம் யார் போய்க் கேட்டது? அவளுக்குச் செய்த தீங்கை அவள் மன்னிக்கலாம். அடுத்தவருக்குச் செய்ததை மன்னிக்க அவள் யார்?

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் வரும் ரத்தக்காட்டேரி ஸ்பைக்கை எடுத்துக்கொள்வோம். இந்த வகைப் பாத்திரங்களுக்கெல்லாம் அவன்தான் அண்ணன். 1997-ல் வில்லனாக அறிமுகமாகி, 2003-ல் உலகத்தைக் காப்பாற்றி எரிந்து சாகிறான். நடுவில் 2002 மே மாதம் ஒளிபரப்பான அந்தக் குளியலறைக் காட்சி: ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் நாயகி பஃபியைப் பலவந்தப்படுத்த முயல்கிறான், அவள் உதைத்துத் தள்ளுகிறாள், தான் செய்ய வந்ததைப் பார்த்து அவனே உறைந்துபோகிறான். அதன்பின் ஊரைவிட்டே போய், ஆப்பிரிக்காவில் ஒரு குகையில் சோதனைகளைத் தாங்கி, ரத்தக்காட்டேரி ஆனபோது இழந்த ஆன்மாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறான்.

இந்தப் பகுதியைத் தொடர் நேர்மையாகவே கையாண்டது என்பேன். பஃபி உடனே அவன் தோளில் சாய்ந்துவிடவில்லை. அவன் கை பட்டாலே அவள் துள்ளி விலகுகிறாள். தங்கை டான், அக்காவைத் தொட்டால் தூக்கத்திலேயே கொளுத்திவிடுவேன் என்கிற மாதிரி மிரட்டுகிறாள். ஆனாலும் நம்மில் பலர், அது ஆன்மா இல்லாத ஸ்பைக், இது வேறு ஸ்பைக் என்று ஒரே வரியில் அந்தக் காட்சியைக் கடந்துவிடுவோம். ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. ஆன்மாவைத் தேடிப் போனவனும் அதே ஆன்மா இல்லாத ஸ்பைக்தான். தேடிப்போன பெருமை அவனுக்கு உண்டென்றால் அதற்கு முன் செய்ததன் பழியும் அவனுக்குத்தானே? லாபத்தில் மட்டும் பங்கு கேட்கிற கூட்டாளி மாதிரி ஆகிவிடுகிறோம்.

அப்புறம் அந்தக் கோட்டு. கணுக்கால்வரை தொங்கும் கறுப்புத் தோல் கோட்டு இல்லாமல் ஸ்பைக்கை வரையவே முடியாது. வேடம் கட்டுகிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். அது யாருடையது? 1977-ல் நியூயார்க் சுரங்க ரயிலில் அவன் கழுத்தை முறித்துக் கொன்ற நிக்கி வுட் என்ற பெண்ணுடையது. பிணத்திலிருந்து உருவிப் போட்டுக்கொண்டான். கடைசிப் பருவத்தில் அவளுடைய மகன் ராபின் வளர்ந்து, பள்ளி முதல்வராக அதே ஊருக்கு வருகிறான். அம்மாவைக் கொன்றவனை, சுவர் முழுக்கச் சிலுவை மாட்டிய அறைக்குள் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான். ஸ்பைக் ஜெயிக்கிறான். உன் அம்மாவுக்கு உன்மீது போதுமான அன்பு இல்லை என்கிற தொனியில் ராபினிடம் பேசிவிட்டு, அவன் அம்மாவைக் கொன்றதற்காக இந்த ஒருமுறை உயிரோடு விடுகிறேன் என்று வெளியே வருகிறான். கோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறான். பிறகு பஃபி உள்ளே போய் அடிபட்டுக் கிடக்கிற ராபினிடம், இன்னொரு தடவை முயன்றால் ஸ்பைக் உன்னைக் கொல்லுவான், நான் தடுக்க மாட்டேன் என்கிறாள்.

இந்த அத்தியாயம் வரும்போது ஸ்பைக்குக்கு ஆன்மா திரும்பி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. குளியலறைக் காட்சிக்காக உருகி உருகி வருந்தியவன், ரயில் காட்சிக்காக ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் கதைக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பஃபி அவன் பக்கம் வந்துவிட்டாள். நாமும் ராபினை இடையில் புகுந்து தொல்லை கொடுக்கிறவனாகவே பார்த்தோம். அம்மா செத்தபோது அவனுக்கு நான்கு வயது.

'காசிப் கேர்ள்' இன்னும் மோசம். 2007-ல் வந்த முதல் அத்தியாயத்திலேயே சக் பாஸ் இரண்டு பெண்களிடம் அத்துமீறுகிறான். முதலில் செரீனா, பிறகு விருந்தில் தனியாக மாட்டிய பள்ளிச் சிறுமி ஜென்னி. சக்கும் நாயகிகளில் ஒருத்தியான பிளேரும் ஜோடியாகிப் பிரபலமானதும் அந்த முதல் அத்தியாயத்தை எல்லோரும் நாகரிகமாக மறந்துவிட்டார்கள். மூன்றாம் பருவத்தில் அவன் பிளேரையே ஒரு ஹோட்டலுக்காகப் பேரம் பேசுகிறான். அந்தப் பருவத்தின் முடிவில், மனமுடைந்த ஒரு இரவில் சக்கும் ஜென்னியும் சேர்ந்துவிட, பிளேர் என்ன செய்கிறாள்? ஜென்னியை நியூயார்க்கை விட்டே விரட்டுகிறாள். முதல் நாள் அவன் கையில் சிக்கித் தப்பித்த அதே பெண்! 2012 டிசம்பரில் கடைசி அத்தியாயத்தில் சக்குக்கும் பிளேருக்கும் கல்யாணம். நாம் கைதட்டினோம். கதையின் பார்வையில் அவன் அசல் குற்றம் பிளேரை ஏமாற்றியது. ஜென்னிக்கு நடந்தது அந்தக் காதலில் வந்த ஒரு தடங்கல், அவ்வளவுதான்.

'தி வாம்பயர் டைரீஸ்' தொடரில் டேமன், கரோலினின் மனதை வசியம் செய்து, அவளைக் கடித்து, சொன்னபடி ஆட வைத்தான். கழுத்துக் காயத்தை மறைக்க ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள் அவள். பிறகு டேமன் நாயகி எலினாவுக்கு ஏற்ற காதலனாகிவிட, கரோலின் அவ்வப்போது குத்திக்காட்டுவதோடு விஷயம் முடிந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

இது புதிய வியாதியும் இல்லை. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்ற அமெரிக்கப் பகல்நேரத் தொடரில் 1979-ல் லூக் லாராவை வன்புணர்வு செய்கிறான். அந்த ஜோடிக்கு ரசிகர்கள் பெருகியதும் கதை அதை மழுப்பி, மயக்கிக் கவர்ந்ததாகப் பேச ஆரம்பித்தது. 1981 நவம்பரில் நடந்த அவர்கள் கல்யாணத்தைப் பார்த்தவர்கள் சுமார் 3 கோடிப் பேர். அமெரிக்கப் பகல்நேரத் தொடர் வரலாற்றில் அதற்கு மேல் பார்க்கப்பட்ட அத்தியாயம் கிடையாது.

அந்தக் கணக்கை 1998-ல் அதே தொடர் தூசு தட்டி எடுத்தது. இம்முறை பாதிக்கப்பட்டவள் எலிசபெத் என்ற இளம்பெண். அவளுக்குத் துணையாக நின்று, அவள் பயம், கூச்சம், கோபம் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் லூக்–லாராவின் மகன் லக்கி. அந்தச் சமயத்தில்தான் தன் அப்பா அம்மாவுக்கு என்ன செய்தார் என்பது அவனுக்குத் தெரியவருகிறது. வன்புணர்வு ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்துவிட்ட பையனிடம் போய், அது அந்தக் காலம், நாங்கள் காதலித்தோம் என்றெல்லாம் லூக் சொல்லிவிட முடியுமா? இருபது வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளிக்குப் பிறகு, நாயகி அல்லாத ஒருவன் எழுந்து நின்று கேட்டதும் அந்தப் பெரும் கல்யாணமே ஆட்டம் கண்டது. தாமதம்தான். ஆனாலும் கேட்க ஆள் இருந்தால் கதை எப்படிக் கனம் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, ஒழுங்காகத் திருந்தியவன் யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், ஸூக்கோ. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' குழந்தைகளுக்கான தொடர்தான். 2006-ல் இரண்டாம் பருவத்தின் முடிவில், நாயகன் ஆங்கைத் துரத்தும் இளவரசனான அவன் முகத்துத் தழும்பைக் குணப்படுத்தவே ஆங்கின் தோழி கட்டாரா முன்வருகிறாள். அடுத்த சில நிமிடங்களில் அவன் கட்சி மாறி எதிரியோடு சேர்ந்துவிடுகிறான். மூன்றாம் பருவத்தில் மனம் மாறி வந்தபோது ஆங் ஏற்றுக்கொள்கிறான், மற்றவர்களும் ஒவ்வொருவராக வழிக்கு வருகிறார்கள். கட்டாரா மட்டும் அவன் அறைக்குத் தனியே போய், ஒரே ஒரு தவறு செய்தாலும் உன் கதையை நானே முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள்.

எல்லோரும் மன்னித்துவிட்டார்களே, இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வன்மம் என்று கதை அவளைச் சின்னப்படுத்தவே இல்லை. ஸூக்கோதான் அவளிடம் போய், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவளோடு பயணம் போகிறான், அவள் முடிவுகளில் தலையிடாமல் கூட நிற்கிறான். பிறகுதான் அவள் அவனை அணைத்துக்கொள்கிறாள். மாமா ஐரோவின் கூடாரத்தில் அவர் கண் விழிக்கும்வரை உட்கார்ந்து காத்திருக்கிறானே, அது தனிக் கணக்கு. அந்தக் குழுவில் இருக்கும் டாஃப் என்ற சிறுமியின் பாதத்தைச் சுட்டது இன்னொன்று. ஒருவர் மன்னிப்பை இன்னொருவரிடம் காட்டி அவன் தப்பித்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் கட்டாரா அவன் காதலி ஆகவில்லை. (இந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ஜோடி சேர வேண்டும் என்று ஏங்குகிறவர்களின் கப்பலில் நானும் பயணி.)

இதெல்லாம் எழுத்தாளர்களின் குறைதானே, எங்களுக்கு ஏன் கடிதம் என்கிறீர்களா? அவர்களுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஜோடியைச் சேர்த்து வைக்கச் சொல்லிக் கூச்சல் போடுவது நாம். எடிட் வீடியோவில் வெட்டி எறியும் காட்சி எது என்று தீர்மானிப்பதும் நாம். அவனுக்கு வக்காலத்து வாங்குவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, அவனைக் கேள்வி கேட்கிற பாத்திரத்தைக் கரித்துக் கொட்ட ஆரம்பிக்கிறோம். அது பாத்திரத்தோடும் நிற்பதில்லை. 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் காய்ச்சும் கணவனைத் தட்டிக் கேட்ட மனைவி ஸ்கைலராக நடித்த ஆனா கன், 2013-ல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்கைலர்மீதான வெறுப்பு தன்மீதே திரும்பி, தன்னைக் கொல்ல வேண்டும் என்று இணையத்தில் எழுதுகிற அளவுக்குப் போனதை அதில் சொன்னார். கற்பனைக் கொலைகாரனைக் காப்பாற்ற, உயிருள்ள பெண்ணுக்குக் கொலை மிரட்டல்.

அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கள், கேட்கிறேன். எனக்கும் அழுகை வரும். அந்தக் கஷ்டம் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்குப் பதிலாகலாம், அவனிடம் அடிபட்டவருக்குப் பதிலாகாது. பாவம், அதே கஷ்டம் பட்ட அழகில்லாத அடியாள் ஒருவன் எல்லாத் தொடரிலும் இருப்பான். அவனுக்காக இதுவரை யாரும் ஆறு பக்க விளக்கம் எழுதி நான் பார்த்ததில்லை.

ஃபேன்ஃபிக், அதாவது தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர் கதை, எழுதுகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். தொடர்கள் செய்யாததை நீங்கள் செய்யலாம், உங்களுக்கு ரேட்டிங் கவலை கிடையாது. ஜென்னியை நியூயார்க்குக்குத் திரும்பக் கூட்டி வாருங்கள். கரோலின் பேசி முடிக்கும்வரை டேமன் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும், நடுவில் எலினா வந்து சமாதானம் செய்ய வேண்டாம். முக்கியமாக, ஸ்பைக் அந்தக் கோட்டைக் கழற்றி ராபினிடம் கொடுக்கிற காட்சியை யாராவது எழுதுங்கள். ராபின் மன்னித்தே ஆக வேண்டும் என்றில்லை, கோட்டை வாங்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாலும் சரி. எழுதியதும் லிங்கை அனுப்புங்கள், முதல் கமெண்ட் என்னுடையது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி