அவன் நடிக்கவில்லை, மைனி

அன்புள்ள மைனி,

நீங்கள் சம்மதித்ததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பிள்ளைக்குப் பார்வை தெளியாமல் கண்ணாடி மாற்றி மாற்றிக் களைத்த வீடு குளச்சலில் நம்முடையது மட்டுமாக இருக்காது.

"கண்ணில் ஒன்றுமில்லை, பையன் நடிக்கிறான்" என்று ஒரு மருத்துவர் சொன்னதைச் சற்று ஒதுக்கிவையுங்கள். நடிக்கிற பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மகன் புத்தகத்தை நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்கிறான் என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. நடுப்பார்வை மங்கினால், விழித்திரையில் கெடாத இடத்தைப் பிள்ளை தானாகவே தேடிக்கொள்ளும்.

ஸ்டார்கார்ட் நோயில் இப்படி நடக்கும். 1909-இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் விவரித்த பரம்பரை நோய் அது. தொடக்கத்தில் விளக்கடித்துப் பார்த்தால் விழித்திரை நன்றாகவே தெரியலாம், வம்பே அங்குதான். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும், அதில் தேங்கிய கழிவு ஒளிர்வதைப் படமெடுக்கும் சோதனையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஈ.ஆர்.ஜி.யும் எடுக்கச் சொல்லலாம். வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளப்பது அது. இருட்டில் வெகுநேரம் சும்மா உட்கார வேண்டும், அவனுக்கு அதுதான் பெரும்பாடு. பார்வை நரம்பை அழுத்தும் கட்டி ஏதும் இல்லையென்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எழுதினாலும் பதறாதீர்கள். இடையில் வலிப்பு வந்தாலோ, படித்ததெல்லாம் மறந்துபோனாலோ காத்திருக்காமல் சொல்லுங்கள். அது வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம்.

ஸ்டார்கார்ட்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா தந்த மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதில் வைட்டமின் ஏ உண்டு. ஸ்டார்கார்ட் கண்ணில் அந்த வைட்டமினிலிருந்து உண்டாகும் கழிவுதான் தேங்குகிறது; மாத்திரையாகக் கூடுதலாகக் கொடுப்பது ஆகாது. சாளைக் குழம்புக்குத் தடையில்லை, தாராளமாகச் சாப்பிடட்டும்.

அண்ணன் மாமா மகளைக் கட்டியதால்தான் என்று அம்மா புலம்புவதைக் காதில் வாங்காதீர்கள். இத்தகைய நோயில் பழுதான மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டும். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்புக் கூடும், அந்நியத்தில் கட்டினாலும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால் இளையவளையும் காட்டிவிடுங்கள். இரத்தத்தில் மரபணுச் சோதனை செலவுதான், ஆனாலும் வேண்டும். 2017-இல் அமெரிக்கா அனுமதித்த விழித்திரை மரபணு சிகிச்சை ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவின் கோளாறுக்கு மட்டுமே. எந்த மரபணு என்று தெரியாமல் யாராவது சிகிச்சை என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ, ஈ.ஆர்.ஜி. உண்டா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாம் வேண்டும். அவன் வாசிப்பதை உங்கள் போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கொழுந்தன்