பெயரில்லாக் கடதாசி உறையில் காய்ச்சல் குளிசை

ஆசிரியர் அவர்கட்கு,

வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் திருகோணமலையில் டெங்கு தலைகாட்டுவது புதிதன்று. நாடு முழுவதும் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்குக்கு ஆளான 2017 ஆம் ஆண்டில் கிண்ணியா பட்ட பாட்டை இப்பக்கத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். இருந்தும், காய்ச்சலும் மேல்நோவும் கண்டவர் பாமசிக்குப் போய் “நோவுக்கு ரெண்டு குளிசை தாங்க” என்று கேட்பதும், அட்டையிலிருந்து கத்தரித்த குளிசைகள் பெயரோ காலாவதித் திகதியோ எழுதப்படாத சிறிய கடதாசி உறைக்குள் போட்டுக் கொடுக்கப்படுவதும் இன்றும் நடக்கின்றன.

உறைக்குள் இருப்பது பரசிற்றமோல் (பனடோல்) என்றால் அளவோடு எடுக்கும்வரை பெரும்பாலும் பாதகமில்லை. டைக்குளோபெனாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் போன்றவை என்றாலோ, டெங்குக் காய்ச்சலில் குருதிக்கசிவு ஏற்படும் ஆபத்தை அவை கூட்டிவிடும். அதோடு, நோவு தணிந்ததும் சுகம் வந்துவிட்டதாக எண்ணி நோயாளி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். டெங்கின் ஆபத்தான கட்டமோ பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில்தான் தொடங்குகிறது. பனடோலுக்கும் எல்லை உண்டு. வளர்ந்தவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டுக்கு மேல் எடுக்கலாகாது. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அதே பரசிற்றமோல் இருப்பதை அறியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவோரின் ஈரல் பாதிக்கப்படலாம்.

இதற்காக மக்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் அரை நாள் நின்றால் அன்றைய கூலியை இழக்கும் ஒருவரிடம், வைத்தியரைக் காணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் முதலில் காண்பது மருந்தாளரைத்தான்; அல்லது காண வேண்டியது மருந்தாளரை. பதிவுபெற்ற மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்க, குளிசையை எடுத்துத் தருபவர் வேறொருவராக இருக்கும் கடைகளும் உண்டு. காய்ச்சல் எத்தனை நாள், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், வயிற்றுப்புண் உண்டா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டியிருந்தால் நோவுக் குளிசையைக் கொடுக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் பொறுப்பும் மருந்தாளருடையதே.

எனவே, மாவட்டத்தின் சுகாதார அதிகாரிகளும் உணவு மற்றும் மருந்துப் பரிசோதகர்களும் மழைக்கு முன்பே பாமசிகளைப் பார்வையிட்டு, விற்பனை நேரம் முழுவதும் மருந்தாளர் கடையில் இருப்பதையும், ஒவ்வோர் உறையிலும் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் திகதி ஆகியவை வாங்குபவருக்கு விளங்கும் மொழியில் எழுதப்படுவதையும் உறுதிசெய்ய வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.