25ஆம் பிரிவையும் படி

அன்புள்ள தம்பிக்கு,

போன் எடுக்க நேரமில்லை, நடுராத்திரியில் மெசேஜில் சட்டம் பேச மட்டும் நேரமிருக்கிறது உனக்கு. வாதம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. காசியில் அரசு உரிமத்தோடு கஞ்சாச் செடியின் இலையை அரைத்த பாங் விற்கலாம், அதே செடியின் பூ நுனியை வைத்திருந்தால் ஜெயில், இது சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறாய். தாத்தா இருந்திருந்தால் கையைப் பிடித்து லா காலேஜில் சேர்த்திருப்பார். அந்தரங்க உரிமை பற்றிய 2017 தீர்ப்பையும் சேர்த்துக்கொள். தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம், பெரியவர்கள் தனியிடத்தில் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை என்று 2018-இல் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமோ, குற்ற மனநிலை இருந்ததாகவே அனுமானிக்கும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவைக்கூட 2008-இல் செல்லும் என்றது. இனி நான் சொல்லும் பிரிவுகளும் அந்தச் சட்டத்தில்தான்.

எனக்கு நியாயமாகப் படாதது எடைக்கணக்கு. கஞ்சா 1 கிலோ வரை சட்டத்தின் கணக்கில் சிறிய அளவு, ஒரு வருடம் வரை ஜெயில். அதைத் தாண்டினால் 10 வருடம் வரை. 20 கிலோவுக்கு மேல் குறைந்தபட்சமே 10 வருடம், ஜாமீனும் குதிரைக்கொம்பு. இலையும் விதையும் தனியாக இருந்தால் கஞ்சா இல்லை, பூ நுனியோடு இருந்தால் கஞ்சா. காம்பு, தண்டு எல்லாவற்றையும் தராசில் ஏற்றி 1,050 கிராம் என்று போலீஸ் மகஜர், அதாவது பறிமுதல் அறிக்கை, எழுதிவிட்டால், பிரித்து நிறுக்கவில்லை என்பதை விசாரணையில்தான் கேட்க முடியும். அதற்குள் வேலை போயிருக்கும். அதே செடியின் பிசினான சரஸ் என்றால் சிறிய அளவே 100 கிராம்தான். 1 கிலோ என்றதும் நிம்மதியாகிவிடாதே, ஒரு பொட்டலத்துக்கும் வழக்கு உண்டு. குடித்ததற்கே 27ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை போடலாம்.

இவ்வளவு படித்தவன் 25ஆம் பிரிவைப் படித்தாயா? வாடகை ஒப்பந்தம் உன் பெயரில். அந்த அறையில் வேறொருவன் வைத்திருந்து, தெரிந்தும் நீ விட்டிருந்தால், அவனுக்குள்ள தண்டனைதான் உனக்கும். நாம் கேட்டால் மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதனை போடச் சொல்லும் 50ஆம் பிரிவு உடம்புக்கு மட்டும்தான், தோள்பைக்குக் கிடையாது.

அந்தப் பையனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அக்காவுக்கு வளைகாப்பு தை மாதம்.

64ஏ பிரிவு என்று ஒன்று உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர், சிறிய அளவு வழக்கானால், அரசு அங்கீகரித்த மையத்தில் தானாகச் சேர்ந்து சிகிச்சை எடுத்தால் தண்டிக்க மாட்டார்கள். பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடலாம். யாருக்காவது உதவும்.

வீட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பார், எத்தனை மாத நோட்டீஸ் என்று. அட்வான்ஸ் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா