ஏறினதையும் எழுதிய கைக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த என் மகள் வீடு திரும்பி இன்றோடு ஆறு நாள். நேற்று ராத்திரி கஞ்சியும் சம்மந்தியும் (துவையல்) கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், இன்னும் ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லையே என்று உறைத்தது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்; நீங்கள்தானே கூட இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை.

பாதி ராத்திரியில் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வரை வண்டி ஓட்டிவந்து, விடியும்வரை வாசலில் காத்திருந்து, வாடகை வாங்காமல் போன தம்பிக்கு நன்றி. முதல் பஸ் பிடித்து ரத்தம் கொடுக்க வந்த ஆறு பேருக்கு, தமிழும் மலையாளமும் கலந்து பேசி என் மனைவியைத் தேற்றிய நர்ஸ் சேச்சிமாருக்கு, என் வகுப்புகளைப் பங்குபோட்டு எடுத்த பள்ளிக்கூட நண்பர்களுக்கு, வீட்டில் அம்மாவையும் பசுவையும் பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டாருக்கு, தினமும் பேர் சொல்லி ஜெபித்த சபையாருக்கு, தொழுகையில் அவளையும் நினைத்துக்கொண்ட சாயாக்கடை இக்காவுக்கு. எல்லார் வீட்டுக்கும் நேரில் வருவேன். அவளையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இந்த மடலின் மிச்ச இடத்தை எங்கள் சபையில் ஊழியம் செய்த பழைய உபதேசியாருக்குத் தருகிறேன். நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும்.

பனி (காய்ச்சல்) தொடங்கிய மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வந்தார். 78 வயது, முழங்காலில் வலி. சட்டைப் பையில் சின்ன உறையில் ஒரு பாதரசத் தெர்மாமீட்டர், கையில் கோடு போட்ட ஒரு நோட்டு. ஜெபித்தார். பிறகு போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை அவள் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க ரெண்டுபேரும் கொஞ்சம் உறங்குங்க மக்களே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்றும் அடுத்த இரண்டு ராத்திரியும் அவர் உறங்கவில்லை. மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரை உதறி, வைத்து எடுத்து, விளக்கின் கீழே கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து எழுதினார். நேரம், சூடு, கொடுத்த மாத்திரை, ஈரத்துணி போட்டது. நாலு கட்டம்.

ஐந்தாம் நாள் ராத்திரி 9 மணியிலிருந்து 10 மணிவரை எங்கள் முற்றத்தில் சபையே கூடி ஜெபித்தது. நீங்களும் இருந்தீர்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்கள். 103.6. அதற்கு முந்தைய வரி 102.8. உபதேசியார் பேனாவை எடுத்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மெதுவாகக் கேட்டேன்: "இதை எழுதத்தான் வேணுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதணும் மக்களே. இண்ணைக்கு ஏறினதை எழுதலைண்ணா, நாளைக்கு இறங்கினதுண்ணு எழுதினா யாரு நம்புவா?"

நான் 19 வருடமாக விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். வந்த அளவைத்தான் எழுத வேண்டும், வரவேண்டிய அளவை அல்ல என்று பிள்ளைகளிடம் சோதனைக்கூடத்தில் சொல்லாத வாரம் கிடையாது. என் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதை மறந்தவன் நான். நினைவுபடுத்தியவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

அதே ராத்திரி இன்னொன்றும் கேட்டேன். மாத்திரைக்கு ஒரு கட்டம், துணிக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, ஜெபத்துக்கு ஏன் இல்லை? "ஜெபம் மருந்து இல்லை மக்களே. அது அப்பாகிட்டப் பேசுகது. பேசினதுக்கு எத்தனை டிகிரி குறைஞ்சுதுண்ணு பாக்கவா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளாகப் பனி, எப்போது ஏறுகிறது, மாத்திரைக்கு இறங்குகிறதா என்பது. எனக்கு வாய் வரவில்லை. நோட்டை நீட்டினேன். நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார். "மாத்திரை கொடுத்தும் 101-க்குக் கீழே வரவே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள் என்று தேடினார். அக்குளில் இருந்தது ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு. நாங்கள் ஏதோ சிரங்கு என்று விட்டிருந்தோம். செள்ளுப்பனி (ஸ்க்ரப் டைபஸ்; செள்ளுப்பூச்சி கடித்த இடத்தில் இப்படிப் பொருக்கு வரும்) என்று ரத்தப் பரிசோதனை பிற்பாடு சொன்னது; அதற்கு முன்பே மருந்து ஏறத் தொடங்கிவிட்டது.

அந்த நோட்டுதான் அவளைக் காப்பாற்றியது என்று எழுதினால் உபதேசியாருக்குக் கோபம் வரும். நல்ல டாக்டர், நோட்டு இல்லாமலும் தேடியிருப்பார். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் என் கையில் கொடுப்பதற்கு உண்மையான ஒன்று இருந்தது. அது அவர் உறங்காமல் இருந்து சேர்த்தது.

இப்போது ஒரு விஷயத்தை மனசு திறந்து சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு சபையில், ஜெபம்தான் மகளைக் குணமாக்கியது என்று சாட்சி சொல்லும்படி அன்போடு கேட்டிருக்கிறீர்கள். "விஞ்ஞான வாத்தியாரே சொன்னால் அதைவிட நிரூபணம் வேண்டுமா" என்றார் ஒரு அண்ணன். பள்ளிக்கூட ஓய்வறையில் ஒரு நண்பர், மருந்துதான் குணமாக்கியது, அதில் கடவுளுக்கு என்ன வேலை என்றார். இரண்டு பேருமே எனக்காக அழுதவர்கள். இரண்டு பேருக்கும் என்னால் ஆமாம் போட முடியவில்லை.

சாட்சி என்ற சொல்லை நாம் கோயிலிலும் சொல்கிறோம், கோர்ட்டிலும் சொல்கிறோம். கோர்ட்டில் சாட்சி சொல்பவன் கண்டதை முழுக்கச் சொல்ல வேண்டும், தன் கட்சிக்கு எதிரானதையும் சேர்த்து. நான் கண்டது இது: ஜெபித்த ராத்திரி சூடு ஏறியது. சரியான மருந்து ஏறிய இரண்டாம் நாள் 99-க்கு வந்தது. அந்த இரண்டு நாளும் ஜெபம் நிற்கவில்லை. அப்புறம், பக்கத்துக் கட்டிலில் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குழந்தை ஒன்று இருந்தது. அதன் அம்மா ஜெபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகவில்லை. என் மகள் பிழைத்ததை நான் நிரூபணம் என்றால், அந்த அம்மாவிடம் அது எதை நிரூபிக்கிறது என்று சொல்வேன்? அவள் விசுவாசம் குறைவு என்றா? அந்த வார்த்தை என் வாயில் வராது. வரவும் கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உபதேசியாரிடம் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. 6 ஆஸ்பத்திரிகள், இதய பைபாஸ் ஆப்பரேஷன் செய்துகொண்ட 1,802 பேர். தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபம் நடந்த கூட்டத்தில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. நடக்காத கூட்டத்தில் 51 சதவீதம். ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த கூட்டத்தில் 59 சதவீதம். கல்லூரி முடித்த புதிதில் இதைப் படித்துவிட்டுப் பல நாள் மனம் கலங்கிக் கிடந்திருக்கிறேன். உபதேசியார் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த ஜெபிக்காத கூட்டத்துக்கு வீட்டில அம்மா கிடையாதா மக்களே?"

ஆராய்ச்சி செய்தவர்களும் ஒப்புக்கொண்ட இடம் அது. சொந்தக்காரர்களின் ஜெபத்தை அவர்களால் நிறுத்திவைக்க முடியாது. இவர் அந்தக் கட்டுரையைப் பார்த்ததே இல்லை, யோசித்துச் சொன்னார். விசுவாசி யோசிக்க மாட்டான் என்று யாராவது சொன்னால் இனி நான் இவரைத்தான் காட்டுவேன்.

ஜார்ஜ் லெமைத்ர் நினைவுக்கு வந்தார். பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார், கணிதம் தெரிந்தவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டு எழுதினார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற வசனத்துக்கு இந்த விஞ்ஞானம் சாட்சி சொல்வதுபோல ஓர் உரையில் பேசினார். சந்தோஷப்பட வேண்டியவர் லெமைத்ர். அவருக்கு அது பிடிக்கவில்லை. தம் கோட்பாட்டை எந்த மதக் கேள்வியோடும் கட்டிப்போடக் கூடாது என்றுதான் அவர் கடைசிவரை நின்றார். அங்கியும் கழற்றவில்லை, கணக்கையும் விடவில்லை.

விசுவாசமும் விஞ்ஞானமும் சேர்ந்து போவது நம் பக்கத்துக்கே புதிதில்லையே. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை உதறி இங்கேயே வந்து இருபது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்தார். மிஷனரியாகத்தான் வந்தார். வயிற்றுப் புண்ணோடு வந்தவர்களை ஜெபித்து மட்டும் அனுப்பிவிடவில்லை, ஆப்பரேஷன் செய்தார். மாத்திரையை நிறுத்து, நிறுத்தினால்தான் அது விசுவாசம் என்று மகளின் கட்டிலருகே வந்து சொன்ன ஒருவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. உபதேசியார்தான் சொன்னார்: "மாத்திரை அவரு தந்ததுதான்." சொல்லிவிட்டு, நேரம் பார்த்து மாத்திரையைக் கொடுத்தார்.

நான் விசுவாசிக்கிறேன். அந்த வராந்தாவில் நாங்கள் தனியாக இல்லை என்பதை என் எலும்பில் அறிவேன். அதைத் தராசில் வைத்துக் காட்ட எனக்குத் தெரியாது. இயேசுவின் சீடர் தோமா அவர் காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது ஆண்டவர் அவரை விரட்டவில்லை, கையை நீட்டச் சொன்னார். காணாமல் விசுவாசிக்கிறவர்களையும் வாழ்த்தினார். தோமா கட்டியது என்று பாரம்பரியம் சொல்லும் திருவிதாங்கோட்டு அரைப்பள்ளி என்ற பழைய தேவாலயத்துக்கு மகளைக் கூட்டிப்போவதாக நேர்ந்திருக்கிறேன். போவேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் எழுந்து நிற்பேன். ஆனால் அந்த நோட்டைத்தான் வாசிப்பேன். 102.8-ம் 103.6-ம் சேர்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. பக்கத்துக் கட்டில் குழந்தையின் பேரையும் சொல்லி, அந்த அம்மாவுக்காக ஜெபிக்கச் சொல்வேன். அவர்கள் வீட்டுக்குப் போகவும் வழி கேட்டு வைத்திருக்கிறேன்.

உபதேசியாரே, தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுக்க நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இல்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பையனுக்குப் பனி, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்றார் உங்கள் வீட்டு அம்மா. தெர்மாமீட்டரை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தேன். நீங்கள் 9 மணிக்கான வரியை எழுதிக்கொண்டிருந்தீர்கள், அதனால் பேசாமல் திரும்பிவிட்டேன். இன்றைக்கு ராத்திரி காவல் என்னுடையது. நீங்கள் உறங்குங்கள்.