கொம்பில் செதுக்கிய தும்பி

பாரிஸ்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் முழங்கால் வலிக்கு வைத்தியரைப் பார்த்தாயா என்பதை எழுதாமல் விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

என்ன சேர்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். பழைய பிரெஞ்சு புரோச்சுகள், அதாவது சேலையிலோ சட்டையிலோ குத்திக்கொள்ளும் ஊசி நகைகள். அதிலும் மாட்டுக் கொம்பில் செதுக்கியவை. சனி, ஞாயிறுகளில் வான்வ் பழம்பொருள் சந்தைக்குப் போய்விடுவேன். வைரம் பதித்தவற்றைக் கண்டு நான் நிற்பதில்லை. சீப்புச் செய்யும் கொம்பை பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லாலிக் 1890களின் பிற்பகுதியில் உயர்ந்த நகைகளுக்குள் கொண்டுவந்தார். அவருக்குப் பின் அந்தக் கொம்பிலேயே வாழ்ந்தவர்கள் என்று எலிசபெத் போந்தேயையும் ஜார்ஜ் பியேரையும் சொல்வேன். முதலில் போட்டியாளர்கள், பிறகு சேர்ந்து தொழில் செய்தவர்கள். பூச்சிகளும் செடிகளும்தான் அவர்கள் கைக்கு மிகவும் பிடித்தவை.

என்னிடம் உள்ள தும்பியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உடல் தடித்து, கறுத்திருக்கும். இறக்கை ஓரத்துக்கு வரவர மெலிந்துகொண்டே போகும். ஜன்னலோரம் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். நரம்புகளுக்கு நடுவே கொம்பின் இழைகளும் தெரியும். வார்ப்பில் ஊற்றிய பிளாஸ்டிக்கில் அந்த இழை இருக்காது. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்த்து உண்மையை அறியலாம் என்பார்கள். எனக்கு அது கொலை மாதிரி. வெளிச்சமே போதும். ஒரு இறக்கை நுனியில் மட்டும் சிறு துளை. கொம்பும் நகம், முடி போன்ற பொருள்தானே, அந்துப்பூச்சியின் புழு அதைத் தின்றுவிடும். அதற்காக விலை குறைத்துக் கொடுத்தார்கள். எனக்கோ அந்தத் துளையால் அதன் மேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பூச்சி மோகம் பெரிய ஆடையகங்களையும் விடவில்லை. 1938இல் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கில் உலோகப் பூச்சிகளைப் பதித்து ஒரு கழுத்தணி வெளியிட்டார். அணிந்தால் பூச்சிகள் தோலின் மேலேயே ஊர்வதாகத் தோன்றும். துணிச்சலான வேலை, மறுக்க மாட்டேன். ஆனாலும் கொம்பில் ஒரு இறக்கையை உடையாமல் அத்தனை மெல்லியதாக இழைத்த கைக்குத்தான் என் வணக்கம்.

ஆவணியில் அண்ணா ஊருக்கு வருகிறார். அவரிடம் உனக்கும் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். அந்த நீலப் பட்டுச் சேலைக்குச் சிள்வண்டு வேண்டுமா, பூச்செடி வேண்டுமா என்று எழுது.

அன்புடன்,
மாலதி