ஐந்து ரூபாய் இலாபமும் ஒரு லட்சம் தண்டமும்

அட்டன்

அன்பு மச்சான்,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று வாசித்ததும்தான் மனம் ஆறியது. இங்கே காலையில் பனி, பின்னேரம் தூறல். டித்வா புயல் இறக்கிப் போட்ட மண்மேடுகளுக்குக் கிட்ட இருக்கும் லயத்துச் சனம் மழை இரைந்தால் இன்னும் கண் மூடுவதில்லை. தோட்டத் தொழிலாளரின் புது நாட்சம்பளக் கதைதான் எல்லா வாயிலும். அடிப்படை 1,550, வரவுக்கொடுப்பனவு 200, ஆக 1,750.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்து டிவிசன் கடையில் நாட்டரிசி கட்டுப்பாட்டு விலையை விடக் கூட விற்கிறார்கள், நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடித்துச் சொல்லட்டுமா என்று எழுதியிருந்தாய். தொலைக்காட்சியில் ஒருவர் எல்லா முதலாளிமாரும் கள்ளர் என்று மேசையில் அடித்துக் கதைத்ததையும் எழுதியிருந்தாய். போனைத் தூக்குமுன் கணக்கை ஒருதரம் பார்.

2024 டிசம்பரில் வந்த வர்த்தமானியில் நாட்டரிசிக்கு மொத்த விலை 225, சில்லறை விலை 230. வெள்ளைப் பச்சையரிசிக்கு 215, 220. சம்பாவுக்கு 235, 240. கீரிச் சம்பாவுக்கு 255, 260. எந்த வகையை எடுத்தாலும் இரண்டுக்கும் இடையில் கிலோவுக்கு ஐந்தே ரூபாய்தான். பொலநறுவையில் ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவனுக்கும் அதே ஐந்து ரூபாய். டவுனில் மூட்டையை இறக்கி, நாட்டாமிக்குக் கூலி கொடுத்து, முச்சக்கர வண்டியில் மேல் டிவிசனுக்கு ஏற்றுகிறவனுக்கும் அதே ஐந்து ரூபாய். 25 கிலோ மூட்டையில் அவன் கையில் நிற்பது 125 ரூபாய். ஏற்றுக்கூலியை அதில்தான் கழிக்க வேண்டும்.

இன்னும் இருக்கிறது. சில்லறையாக அள்ளிப் போடும்போது கிலோவுக்கு 10 கிராம் கூட விழுந்தால், 225 ரூபாய் அரிசியில் 2 ரூபாய் 25 சதம் போய்விடும். இலாபத்தில் அது ஏறக்குறைய பாதி. எலி கடித்த மூட்டை, ஈரம் ஏறிய அடிமூட்டை எல்லாம் அதற்கு மேல். லயத்தில் யாரும் ரொக்கத்துக்கு அரிசி வாங்குவதில்லை. கடன் கொப்பியில் எழுதி, பத்தாந் திகதி சம்பளம் வந்த பிறகுதான் காசு. ஒரு மாதம் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு அந்த ஐந்து ரூபாயில் எங்கே இடம்? அதனால் அவன் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, கூட விற்பது. மற்றது, அரிசியே எடுக்காமல் விடுவது. கீரிச் சம்பா பல கடைகளில் காணாமல் போனதற்கு விதைப்பும் விளைச்சலும் ஒரு பக்கம் காரணம், இந்த இடைவெளி மறுபக்கம்.

தண்டத்தைப் பார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003இன் 9ஆம் இலக்கச் சட்டம். 2021இல் அதைத் திருத்தி, உச்ச விலையை மீறும் தனிநபருக்குக் குறைந்தபட்சத் தண்டம் ஒரு லட்சம், கூடியது ஐந்து லட்சம் என்று ஆக்கினார்கள். கம்பனிக்கு ஐந்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் வரை. குறைந்தபட்சம் என்று சட்டம் கட்டிவிட்டதால், பாவம் பார்த்து அதற்குக் கீழே இறங்க நீதவானுக்கும் இடமில்லை. ஒரு லட்சத்தை ஐந்தால் பிரி. இருபதாயிரம் கிலோ அரிசி விற்றால் வரும் இலாபம் ஒரே நாளில் போகும். பெரிய ஆலைக்கு ஐந்து லட்சம் என்ன கணக்கு? நாங்கள் இருவரும் எப்போதும் ஏழைக்காகச் சட்டம் வேண்டும் என்று வாதாடியவர்கள். அதனால்தான் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: இந்தச் சட்டத்தின் பல் கீழே இருப்பவனைத்தான் முதலில் கடிக்கிறது.

கடைக்காரன் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவன் எவ்வளவுக்கு எடுத்தான் என்பதைக் கேள். மொத்த விலையும் அதே வர்த்தமானியில்தான் இருக்கிறது, மொத்த வியாபாரியும் அதே சட்டத்துக்குள்தான். பில்லில் 225 எழுதிவிட்டு மிகுதியைக் கையில் வாங்கும் இடங்கள் உண்டு என்று சில்லறைக் கடைக்காரர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். பில்லில் கூடிய விலை இருந்தால் பிரதி எடுத்து வைக்கச் சொல். பில்லே தராவிட்டால், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அந்த மறுப்பே ஒரு முறைப்பாடு. உன் கடைக்காரன் சம்மதித்தால் அவன் பெயரிலேயே மேலிடத்துக்கு எதிராக எழுதலாம்.

1977க்கு அடிக்கத் தகுந்த விஷயங்கள் வேறு நிறைய இருக்கின்றன. தண்ணீர்ப் போத்தல் ஒன்று. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100, ஒன்றரை லீற்றருக்கு 130, ஐந்து லீற்றருக்கு 350. குளிரூட்டியில் வைத்தேன் என்று அதற்கு மேல் எடுக்க முடியாது. உங்கள் பக்கம் எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரரிடம் எடுக்கிற விலை உனக்கே தெரியும். அவரோடு போகும் நம் பிள்ளைகளும் அதையே கொடுக்கிறார்கள். ஷொப்பிங் பைக்கு நவம்பர் 2025 முதல் காசு. பையின் விலையைக் கடையில் காட்சிப்படுத்த வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். பழுதான பொருள், பொய்யான உத்தரவாதம் போன்றவற்றுக்கு எழுத்தில் முறைப்பாடு வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். ஆட்கள் தவறவிடுவது இந்த மூன்று மாதத்தைத்தான். கடைக்காரன் “அடுத்த கிழமை வா” என்று இழுத்துக்கொண்டே போவான், நாளும் போய்விடும். முதல்நாளே பில்லைப் படம் எடுத்து வை. கடை மெஷினில் அடிக்கும் கடதாசி சட்டைப்பையில் இரண்டு கிழமை கிடந்தால் எழுத்து அழிந்துவிடும்.

விலையை விட நான் கவலைப்படுவது தராசைப் பற்றி. விலை கூடினால் கண்ணுக்குத் தெரியும், நிறை குறைந்தால் தெரியாது. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசை ஆண்டுக்கொருமுறை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அந்த ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார். பிறகு, வெறும் தட்டில் பூச்சியம் காட்டுகிறதா பார். மின் தராசில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் நீர்க்குமிழி இருக்கும், அது நடு வட்டத்தில் நிற்க வேண்டும். மேசை சரிந்திருந்தால் நிறையும் சரியும். ஒரே பொருளைத் தட்டின் நான்கு மூலையிலும் மாறி மாறி வைத்துப் பார், நான்கிலும் ஒரே எண் வர வேண்டும். வெறும் போத்தலை வைத்துப் பூச்சியமாக்கி, அளந்த ஒரு லீற்றர் தண்ணீரை அதில் ஊற்றினால் ஒரு கிலோ காட்ட வேண்டும். ஐந்து, பத்து கிராம் வித்தியாசம் உன் அளவுப் பாத்திரத்தாலும் வரலாம். ஐம்பது கிராம் குறைந்தால் தராசில்தான் பிழை. கடைக்காரனிடம் சத்தம் போடாமல் சொல், பாதிப்பேருக்குத் தங்கள் தராசு பிசகியது தெரியாது.

இதையே தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கும் சொல்ல வேண்டும். சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, முற்றலுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கிலோக்கணக்கில் கழிக்கும் வழக்கம் இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறது. மூன்று நிறுவையிலும் இரண்டிரண்டு கிலோ போனால் நாளுக்கு ஆறு கிலோ. முழு நாட்சம்பளம் தரும் முழுப் பேருக்கும் பாதி தரும் அரைப் பேருக்கும் இடையில் அந்த ஆறு கிலோ நிற்கும்போது, 1,750 என்று கொழும்பில் அறிவித்த எண் கொழுந்து பறிக்கிறவள் கைக்கு வராது. வெறும் சாக்கைக் கண் முன்னால் தராசில் போட்டு, அந்த நிறையை மட்டும் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஈரக் கொழுந்தை இரண்டுதரம் உதறிவிட்டுப் போட்டால் தண்ணீருக்கென்று கூடக் கழிக்கச் சாட்டு இருக்காது. சின்னக் கொப்பியில் மொத்த நிறை, கழிவு, மிச்சம் என்று மூன்று எண்ணும் எழுதி வைத்தால் மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளையின் கணக்கோடு ஒப்பிடலாம். சங்கங்கள் இந்தக் கொப்பியைப் பழக்கியிருந்தால் எத்தனையோ பேச்சுவார்த்தையை விடப் பலன் தந்திருக்கும்.

தொலைக்காட்சிக்காரருக்கு வருகிறேன். காலையில் பத்திரிகையை விரித்து வாசித்து வியாக்கியானம் சொல்கிறவர்கள், இரவில் விவாதம் நடத்துகிறவர்கள் இவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: அந்த வர்த்தமானியின் மொத்த விலைப் பத்தியையும் திரையில் காட்டுங்கள். அந்த ஒரு பத்தியைக் காட்டினால் முழுக் கதையும் மாறும். சின்னக் கடைக்குள் கமராவோடு நுழைவது சுலபம், ஆலைக்குள் நுழைவது சுலபமில்லை. கேள்வி கேட்கிற நாற்காலி வாக்குக் கேட்கிற மேடைக்கு ஏணியாவதையும் நாம் பார்த்தோம். சக்தி தொலைக்காட்சியில் ‘மின்னல்’ அரசியல் விவாதம் நடத்திய ஸ்ரீரங்கா 2010இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்தே பாராளுமன்றம் போனார். போவது அவர் உரிமை, மக்கள் வாக்களித்தார்கள். ஆனால் நிகழ்ச்சி நடத்துகிறவர் எப்போது வேட்பாளராகிறார் என்பதற்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும், அந்தக் கோட்டை அமைச்சர் போடக்கூடாது. தனியார் தொலைக்காட்சிக்கு உரிமம் இன்னும் 1982இன் ரூபவாஹினிச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கையிலிருந்துதான் வருகிறது. 1997இல் ஒலிபரப்பு அதிகார சபை ஒன்றை அமைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தபோது, அது அமைச்சரிடமிருந்து சுதந்திரமாக இல்லை என்று உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்தத் தீர்ப்பு சரி. அதன் பிறகு சுதந்திரமான ஒன்றை ஒரு அரசும் கட்டவில்லை, அதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிலும் இதே நோய்தான். 2023 பெப்ரவரியில் மின்கட்டணத்தை 66 வீதம் ஏற்றியதை எதிர்த்த தலைவர் ஜனக ரத்நாயக்கவை, மே மாதம் பாராளுமன்றம் 123க்கு 77 என்று வாக்களித்து நீக்கியது. அவர் சொன்ன கணக்கெல்லாம் சரியென்று நான் வாதாட மாட்டேன், மின்சார சபைக்குச் செலவை ஈடுசெய்யும் கட்டணம் தேவைதான். ஆனாலும் கட்டணத்தை மறுத்துப் பேசிய ஒழுங்குபடுத்துநரை வீட்டுக்கு அனுப்பியது அடுத்து அந்தக் கதிரைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை. 2025 ஒக்டோபரில் மின்சார சபை கேட்ட 6.8 வீத ஏற்றத்தை ஆணைக்குழு மறுத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பாராளுமன்றத்தில் 159 ஆசனம் வைத்திருக்கிற அரசு அந்த மறுப்பைப் பொறுத்துக்கொண்டதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே பொறுமை அரிசியிலும் வேண்டும்: விலை போடும் சபை மலைக்கு ஏற்றும் கூலியை வேறாகக் கணக்கெடுத்து, மேல் டிவிசனுக்கு ஒரு தனி எல்லை விலை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நீ எழுத்தில் கெட்டிக்காரன். அந்த 1977 அழைப்புக்குப் பதிலாக, தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடு. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நுகர்வோர் அதிகார சபையின் தகவல் அலுவலருக்கு விலாசமிட்டு மூன்றே மூன்று கேள்வி போதும்: கடந்த வருடம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் அரிசிக்காக நடந்த சுற்றிவளைப்பு எத்தனை? அவற்றில் சில்லறைக் கடை எத்தனை, மொத்தக் கடை எத்தனை, ஆலை எத்தனை? ஒவ்வொரு வகையிலும் விதிக்கப்பட்ட தண்டம் எவ்வளவு? “ஏன்” என்று கேட்காதே, கையிலிருக்கும் பதிவைக் கேள், இல்லையென்றால் சாட்டுச் சொல்லித் தட்டிவிடுவார்கள். கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கு, தபாலில் போனால் பதிவுத் தபால். பதினான்கு வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால், பதினான்கு நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. திகதிகளைக் கலண்டரில் வட்டம் போட்டு வை.

விண்ணப்பத்தின் நகலை எனக்கும் அனுப்பு. நுவரெலியாப் பக்கத்துக்கு நானும் ஒன்று போடுகிறேன், இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் மச்சான்