தலைமையகம் விடியும்வரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக நிறுவனங்களின் தலைமைத்துவம் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, வியூகம் என்பது தலைமையகத்தில் பிறந்து கீழே இறங்கி வருவது என்ற எண்ணத்தையே தருகிறது. எப்போதும் அப்படியில்லை. இன்டெல் நிறுவனம் 1985-இல் நினைவகச் சில்லுகளைக் கைவிட முடிவெடுக்கும் முன்பே, அதிக லாபம் தரும் பொருளுக்கே ஆலைத் திறனை ஒதுக்கும் விதியைப் பின்பற்றிய அதன் இடைநிலை மேலாளர்கள், உற்பத்தியைப் பெருமளவு நுண்செயலிகளின் பக்கம் திருப்பிவிட்டிருந்தனர். மேலிடத்தின் அறிவிப்பு பிறகுதான் வந்தது.

பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் நான் பணியாற்றிய பன்னாட்டு ஆலையிலோ, ஒரே பொறியாளர் உள்ளூர் மேலாளருக்கும் அமெரிக்காவிலுள்ள துறைத் தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முந்நூறு ரிங்கிட்கூடப் பெறாத ஒரு சென்சாரை வாங்க இருவரின் ஒப்புதலும் தேவைப்பட்டதால், அங்கே பொழுது விடியும்வரை இங்கே பகல் ஷிப்டு முழுவதும் இயந்திரம் நின்றது. (கேண்டீனில் தே தாரேக் தேநீர் மட்டும் தடையின்றி ஓடியது.) இந்தக் கட்டுப்பாட்டால் சேமித்த தொகையையும் இழந்த உற்பத்தியையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எந்த முடிவை எந்த நிலையில் எடுக்கலாம் என்னும் அதிகாரப் பகிர்வு குறித்தும் கட்டுரையாளர் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பு மேற்பார்வையாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு